ஐந்தாம் மாடியில் சிகரெட், ஆறாம் மாடியில் நுரையீரல்

எங்கள் ஆய்வகத்தில் மூச்சை அளக்கும் மெஷின் ஒன்று இருந்தது. அதன் குழாயில் வாயை வைத்து ஒரே மூச்சாக ஊதினால், நுரையீரலில் எவ்வளவு காற்று இருக்கிறது, எவ்வளவு வேகத்தில் வெளியே வருகிறது என்று திரையில் கோடு போட்டுக் காட்டும். அதைத் தூக்கிக்கொண்டு அடையாறிலிருந்து சிந்தாதிரிப்பேட்டைக்குப் போய், கூவம் ஓரத்து ஸ்டாண்டில் ஆட்டோ டிரைவர்களை வரிசையாக ஊதவைப்பதுதான் அப்போது என் வேலை. ஊர்ப் புகை அவர்கள் நெஞ்சை எவ்வளவு தின்றிருக்கிறது, அவர்களே பற்றவைத்த புகை எவ்வளவு தின்றிருக்கிறது என்று பிரித்துப் பார்க்கும் ஆராய்ச்சி.

ஒரு நாள் காலை, நல்ல வாட்டசாட்டமான டிரைவர் ஒருவர் கன்னம் உப்ப ஊதினார். திரையில் கோடு அசையவில்லை.

"இன்னா மேடம், கோடே வர்ல?"

"இன்னொரு தடவை ஊதுங்கண்ணா."

ஊதினார். நெற்றி நரம்பு புடைத்ததே தவிர, கோடு படுத்தது படுத்தபடியே கிடந்தது. பின்னால் நின்றவர்கள் குஷியாகிவிட்டார்கள். "மச்சி, மாலைக்குச் சொல்லிடட்டா?" என்று ஒருவர் கேட்டார். ஊதியவர் முகம் வெளிறிப்போய் என்னைப் பார்த்தார்.

"மேடம், தமாசு பண்ணாதீங்க. நான் கீறனா, இல்லியா?"

"நீங்க இருக்கீங்கண்ணா. மெஷின்தான் போயிருச்சு."

அடுத்து ஊதியவருக்கு வருடக்கணக்காக இருமல். அவருக்குக் கடலில் முத்துக் குளிப்பவரின் நுரையீரல் இருப்பதாக மெஷின் அறிவித்தது. அவர் அந்தச் சந்தோஷத்தில் அங்கேயே ஒரு பீடியைப் பற்றவைத்தார். நான் மெஷினை மூட்டை கட்டினேன்.

புது மெஷினுக்கு எழுதிக் கேட்காத இடமில்லை. எல்லா இடத்திலிருந்தும் 'பரிசீலனையில் உள்ளது' என்றே பதில் வந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் ஒரு அறக்கட்டளை எங்களைத் தேடி வந்தது. சுவாசம், நலம், நாளை என்பது போன்ற சொற்களை நீளமாகக் கோத்த பெயர். நுரையீரல் ஆராய்ச்சிக்கு உதவ ஆசைப்படுகிறார்களாம். தி.நகரில் சாப்பிட்டுக்கொண்டே பேசலாம் என்றார்கள்.

எங்கள் தலைவர், நான், புள்ளியியல் நிபுணர் மூன்று பேரும் போனோம்.

தலைவரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். நுரையீரல் ஆராய்ச்சியில் பெரிய ஆள். சிந்தாதிரிப்பேட்டைச் சந்தில் பிறந்து வளர்ந்தவர். மேடையில் ஏறினால் இங்கிலீஷ், கோபம் வந்தால் பிறந்த சந்து. விடாமல் சிகரெட் பிடிப்பவர். ஆய்வகத்தின் பின்புறம் வேப்பமரத்தடியில் 'புகைபிடிக்காதீர்' என்ற பலகையை வைக்கச் சொன்னதும் அவர்தான், அதில் சாய்ந்துகொண்டு புகைபிடிப்பதும் அவர்தான்.

புள்ளியியல் நிபுணர் அதற்கு நேர் எதிர். மயிலாப்பூர்க்காரர். சிகரெட் இருக்கட்டும், காபிகூடத் தொடமாட்டார். நெற்றியில் விபூதி, கையில் சாப்பாட்டுக் கூடை. மனிதர்களைவிட எண்களை நம்புகிறவர்.

தி.நகரில் பெரிய சைவ ஓட்டல். ஏசி அறையில் எங்களுக்காகக் காத்திருந்தவர் முப்பது வயதுகூட ஆகாத ஒரு பையன். மடிப்புக் கலையாத சட்டை. எழுந்து நின்று கைகூப்பினார். ஆளுக்கொரு கார்டு கொடுத்தார். கார்டின் மூலையில் பச்சையாக ஒரு இலை.

தலைவர் கார்டைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். "இன்னா இலை தம்பி இது?"

"பொதுவான இலைதான் சார்."

"உங்களுக்குப் பணம் எங்கேயிருந்து வருது?"

"விவசாயம் சார்ந்த ஒரு குரூப் சார். அக்ரி பேஸ்டு."

புள்ளியியல் நிபுணர் திருப்தியாகத் தலையாட்டினார். விவசாயம் நல்ல விஷயம்தானே. சாம்பார் வந்தது, வத்தக்குழம்பு வந்தது. என்ன மெஷின் வேண்டும் என்று பையன் என்னிடம் கேட்டார். நான் சொல்லச் சொல்ல, அதைவிட உசத்தியான மாடல் ஒன்று இருக்கிறதே என்றார். ரசத்தில் கைவைத்தபோது எனக்குக் கிட்டத்தட்டக் கண்ணீரே வந்துவிட்டது.

சாப்பாட்டுக்கு நடுவில் தலைவர் கையைக் கழுவிவிட்டு வெளியே போனார். எதற்கென்று எங்களுக்குத் தெரியும். திரும்பி வந்தவர் உட்காராமல், சட்டைப்பையிலிருந்த சிகரெட் பெட்டியை எடுத்து, பையனின் கார்டுக்குப் பக்கத்தில் வைத்தார். பெட்டியில் அச்சிட்டிருந்த அழுகிய தொண்டைப் படம் பூசணிக்காய்க் கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"தம்பி, பொட்டிக்குப் பின்னாடி கீற அட்ரஸும் ஒன் கார்டுல கீற அட்ரஸும் ஒண்ணா கீதே?"

பையன் கொஞ்சம்கூட அசரவில்லை. "அவங்க ஃபிஃப்த் ஃப்ளோர் சார். நாங்க சிக்ஸ்த்."

"அஞ்சாவது மாடில சிகரெட்டு, ஆறாவது மாடில நுரையீரலா?"

"டெக்னிக்கலா ரெண்டும் வேற வேற என்டிட்டி சார்."

"படிக்கட்டு ஒண்ணுதானே?"

"லிஃப்ட் இருக்கு சார்."

தலைவர் உட்கார்ந்து பாயசத்தைக் கடைசித் துளிவரை குடித்தார்.

திரும்பி வரும்போது காரில் புள்ளியியல் நிபுணர்தான் முதலில் வாயைத் திறந்தார். "சார், தப்பா எடுத்துக்காதேள். இத்தனை வருஷமா நீங்க அவாளுக்குக் குடுத்துண்டே இருக்கேள். அவா இப்போ கொஞ்சம் திருப்பித் தரா. இதுல என்ன பாவம் வந்துடுத்து?"

"நான் துட்டு குடுத்து என் நெஞ்சக் கெடுத்துக்கறேன்யா. அவன் துட்டு குடுத்து ஒன் மூளையக் கெடுப்பான்."

"என் மூளையையா? நான் கணக்குப் போடறவன் சார். யார் பணம் குடுத்தாலும் கூட்டினா அதே விடைதான் வரும்."

"எதக் கூட்டணும்னு சொல்றவன் அவனா இருந்தா?"

நந்தனம் சிக்னல்வரை சண்டை போட்டுவிட்டு இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். உண்மையில் என் மனதில் அறமும் இல்லை, மூளையும் இல்லை. அந்த உசத்தி மாடல் மட்டும்தான் இருந்தது. பையன் அதன் படத்தை அன்று மாலையே அனுப்பிவைத்தார். போனில் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். "என்ன, மாப்பிள்ளை போட்டோ பாக்குற மாதிரி பாக்குற?" என்றார் என் கணவர். "பையன் நல்ல பையன். குடும்பம்தான் சரியில்லை" என்றேன்.

சில நாட்களில் அந்த இளைஞர் ஆய்வகத்துக்கே வந்தார். தலைவர் இல்லாத நேரம். நான் நேரடியாகவே கேட்டேன். பணம் கொடுத்தால் நிபந்தனை என்ன?

"நிபந்தனையே கிடையாது மேம். என்ன வந்தாலும் நீங்க பப்ளிஷ் பண்ணிக்கலாம். ஒரு சின்ன சஜஷன் மட்டும்தான்."

"சொல்லுங்க."

"டிரைவர்கள்கிட்ட நிறைய கேள்வி கேக்குறீங்க இல்லையா. அதுல, பீடி சிகரெட் பிடிப்பீங்களான்னு ஒண்ணு வருது. அது கொஞ்சம் பர்சனலா இருக்கு மேம். பாவம், சங்கடப்படுவாங்க."

"வீட்ல கக்கூஸ் இருக்கா, தினம் எவ்வளவு சளி துப்புறீங்க, என்ன கலர்னெல்லாம் கேக்குறேனே. அது பர்சனல் இல்லையா?"

"அது சயின்ஸ் மேம்."

அந்தக் கேள்வியை எடுத்த இடத்தில் என்ன வைக்கலாம் என்றும் யோசித்து வந்திருந்தார். வீட்டில் தாளிக்கும்போது புகை வருமா, கொசுவத்தி கொளுத்துவீர்களா, பக்கத்தில் யாராவது புறா வளர்க்கிறார்களா. அவர் சொன்னதில் எதுவும் பொய்யில்லை. அடுப்புப் புகையும் கெடுதல்தான், கொசுவத்தியும் கெடுதல்தான், புறா எச்சத்தால் நுரையீரல் கெட்டவர்களை நானே பார்த்திருக்கிறேன். அதுதான் எனக்குப் பெரிய சிக்கலாக இருந்தது. பொய் சொல்லச் சொன்னால் சண்டை போட்டு அனுப்பிவிடலாம். இருக்கிற உண்மைகளையெல்லாம் அடுக்கிவைத்து, ஒன்றை மட்டும் கேட்காமல் விடச்சொல்கிற ஆளை என்ன செய்வது? அதிலும் தண்ணீர் கொடுத்தால் 'தாங்க்யூ மேம்' என்று எழுந்து நின்று வாங்கிக்கொள்கிற பையனை?

"தம்பி, நீங்க சிகரெட் பிடிப்பீங்களா?" என்று கேட்டேன்.

அவர் பதறிவிட்டார். "ஐயையோ, இல்ல மேம். அம்மாவுக்குத் தெரிஞ்சா வீட்டுக்குள்ளயே விட மாட்டாங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மயிலாப்பூர் மாடவீதியில் வாழைப்பூ வாங்கிக்கொண்டிருந்தேன். "மேம்!" என்று குரல். அதே பையன், பக்கத்தில் அவருடைய அம்மா. கே.கே. நகரிலிருந்து கோயிலுக்கு வந்திருக்கிறார்கள். "அம்மா, நான் சொல்வேனே, நுரையீரல் டாக்டர், இவங்கதான்" என்று அறிமுகப்படுத்திவிட்டு, அம்மாவுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்துக் கண்ணாலேயே கும்பிட்டார். ஐந்தாவது மாடியைப் பற்றி அம்மாவுக்குத் தெரியாது என்று புரிந்துகொண்டேன். "உங்க பையன் ரொம்ப மரியாதையான பையன்" என்று மட்டும் சொன்னேன். அதில் பொய் இல்லை.

அம்மா அவரை வண்டி எடுத்துவர அனுப்பினார். அவர் தலை மறைந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சிகரெட் கம்பெனி விஷயமாத்தானே உங்க ஆபீசுக்கு வர்றான்?"

வாழைப்பூ என் கையிலிருந்து நழுவப் பார்த்தது.

"எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுட்டிருக்கான். பொது சுகாதாரத்துல வேலைன்னு சொன்னான். ஒரு நாள் சாப்பாட்ட மறந்துட்டுப் போயிட்டான்னு எடுத்துக்கிட்டுப் போனேன். அங்க வாட்ச்மேன்கிட்ட பேரச் சொன்னா, 'ஓ, சிகரெட்டு சாரா'ங்கிறான்."

"நீங்க ஒண்ணும் கேக்கலையா?"

"என்னத்தக் கேக்க? அவனுக்குப் பொண்ணு பாத்துட்டிருக்கோம். நானே எல்லார்கிட்டயும் பொது சுகாதாரம்னுதான் சொல்லி வெச்சிருக்கேன். அப்படிச் சொன்னாத்தான் ஜாதகம் வருது." கொஞ்சம் யோசித்தார். "அந்தப் பணத்த நீங்க வாங்கப் போறீங்களாம்மா?"

"இன்னும் முடிவு பண்ணலைங்க."

"வாங்காதீங்க," என்றார் சட்டென்று. தூரத்தில் மகனின் வண்டி வருவதைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார். "ஆனா மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லிடாதீங்க. தை மாசம் வரைக்குமாவது அவன் இந்த வேலைல இருக்கணும்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சிரிப்பாக வந்தது. மந்தைவெளி தாண்டியதும் சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு மெஷினுக்காக நான் மட்டும்தான் தடுமாறுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு கல்யாணத்துக்காக ஒரு அம்மாவும் தடுமாறிக்கொண்டிருந்தார். என்னைவிட அவர் தெளிவாக இருந்தார் என்றும் சொல்ல முடியாது. ஆனால் 'வாங்காதீங்க' என்று அவர் சொன்ன வேகத்தில் என்னால் சொல்ல முடியவில்லை.

முடிவெடுக்க எல்லாரையும் கூட்டினார் தலைவர். ஆராய்ச்சியாளர்கள், நூலகர், கணக்குப் பிரிவு அம்மா என்று அறை நிறைந்துவிட்டது. ஏசி ஓடவில்லை. பணம் வந்தால் முதலில் ஏசிதான் என்று ஏற்கெனவே ஒரு பேச்சு உலவிக்கொண்டிருந்தது. புள்ளியியல் நிபுணர் எழுந்து அழகாகப் பேசினார். மெஷின் இல்லாமல் ஆராய்ச்சி நின்றால் டிரைவர்களுக்கு யார் பதில் சொல்வது? பணம் எங்கிருந்து வந்தாலும் நாம் நேர்மையாக இருந்தால் போதாதா? பாதி அறை தலையாட்டியது. நான் எழுந்து, கேள்வியை எடுக்கச் சொன்ன கதையைச் சொன்னேன். மீதிப் பாதி தலையாட்டியது. புறா என்று சொன்னபோது சிலர் சிரித்தார்கள்.

பிறகு தலைவர் பேசினார். சிகரெட் விற்பவன் காசில் நுரையீரல் ஆராய்ச்சி செய்தால் நம்மை எவன் நம்புவான் என்று மேஜையைத் தட்டினார். அப்போது புள்ளியியல் நிபுணர் மறுபடி எழுந்தார்.

"சார், கோச்சுக்கப்படாது. நீங்க மேஜையைத் தட்டறச்சே உங்க சட்டைப்பையில அவா பொட்டி குதிக்கறது. எல்லாரும் பாத்துண்டிருக்கோம்."

தலைவர் குனிந்து தன் பையைப் பார்த்தார். பெட்டியை வெளியே எடுத்தார்.

"அப்ப நான் இத வுட்டுட்டா?"

"விட்டுட்டேள்னா, வேண்டாம்னு நானே மொதல்ல கையத் தூக்கறேன்."

"எல்லாரும் கேட்டுக்குனீங்களா?" என்றார் தலைவர். பெட்டியைக் குப்பைக்கூடையில் போட்டார். லைட்டரையும் போட்டார். லைட்டர் யாரோ பரிசாகக் கொடுத்ததாம், அதை மட்டும் குனிந்து திரும்ப எடுத்துக்கொண்டார்.

புள்ளியியல் நிபுணர் சொன்னபடி கையைத் தூக்கினார். அடுத்த நொடி அறை முழுவதும் கைகள். தலைவரின் சிகரெட் நாற்றமடிக்கும் ஃபைல்களை வருடக்கணக்காக மூக்கைப் பிடித்துக்கொண்டு புரட்டிய கணக்கு அம்மா இரண்டு கையையும் தூக்கினார். அன்று அங்கே ஆராய்ச்சி அறம் வென்றது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் பாதிப் பேர் கை தூக்கியது, இந்த மனுஷன் சிகரெட்டை விடுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதற்காக.

பையனுக்குப் போன் செய்து, அவருடைய அம்மா கேட்டுக்கொண்டபடி, பதமாகச் சொன்னேன். "புரியுது மேம்," என்றார். "எங்க அப்ரோச் எப்படி இருந்துச்சுன்னு ஒரு ஃபீட்பேக் மட்டும் குடுக்க முடியுமா?" ரொம்ப நன்றாக இருந்தது என்றேன். அதுவும் உண்மை.

அதன் பிறகுதான் எங்களுக்குச் சோதனை ஆரம்பித்தது. சிகரெட் இல்லாத தலைவர் பொறுக்க முடியாத ஆளாகிவிட்டார். முன்பெல்லாம் மரத்தடிக்குப் போகும் நேரத்தில் இப்போது எங்கள் அறைகளுக்கு வந்தார். என் கட்டுரையில் காற்புள்ளிகளைச் சுழித்தார். நூலகத்தில் புத்தகங்களை வேறு வரிசையில் அடுக்கச் சொல்லி, மறுநாள் அதைப் பழையபடி மாற்றச் சொன்னார். யார் டப்பாவில் முறுக்கு இருந்தாலும் கண்டுபிடித்தார். கணக்கு அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மேடம், பேசாம ஒரு பாக்கெட் வாங்கி அவர் மேஜைல வெச்சிடலாமா?" என்று கேட்டார். விளையாட்டுக்குக் கேட்டது போலத் தெரியவில்லை.

அவரைக் காப்பாற்றியது புள்ளியியல் நிபுணர்தான். தலைவரின் கை சட்டைப்பையைத் தேட ஆரம்பிப்பதைப் பார்த்தால் போதும், "வாங்கோ சார், ஒரு நடை போய்ட்டு வரலாம்" என்று கூட்டிக்கொண்டு போய்விடுவார். காந்தி நகர்த் தெருக்களில் இருவரும் சண்டை போட்டுக்கொண்டே நடப்பார்கள். இடையில் ஓரிரு முறை தலைவர் சறுக்கினார். மறைக்காமல் அவரே வந்து சொன்னார். திட்டிவிட்டு மறுபடி நடக்கக் கூட்டிப் போனார் புள்ளியியல் நிபுணர்.

மெஷினும் ஒரு வழியாகக் கிடைத்தது. அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில், ஒரு வாரம் உங்களுக்கு, ஒரு வாரம் எங்களுக்கு என்று இரவல் தந்தார்கள். பழைய மாடல். ஆட்டோவில் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு போகவேண்டும். ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கருக்கும் என் உயிர் போய்வந்தது. வேலை இழுத்தது. ஆனால் எல்லாக் கேள்வியையும் கேட்டோம், பீடியையும் கேட்டோம், தாளிப்பையும் கேட்டோம், புறாவையும் சேர்த்துக்கொண்டோம். ஒரு சின்னப் பத்திரிகையில் கட்டுரை வந்தது.

கட்டுரை வருவதற்கு முன்பே அறக்கட்டளையின் பணம் வேறொரு கல்லூரிக்குப் போயிற்று. தொடக்க விழாவுக்கு எங்களையும் அழைத்திருந்தார்கள். அழைப்பிதழைப் படித்துவிட்டுப் புள்ளியியல் நிபுணர் என் அறைக்குள் ஓடிவந்தார். முகம் சிவந்திருந்தது.

"பாத்தேளா இந்த அக்கிரமத்தை? 'வீட்டுப் புகையும் இருமலும்: சாம்பிராணி ஓர் ஆய்வு'ன்னு போட்டிருக்கா! எங்காத்துல தெனம் சாம்பிராணி போடறோம். அதுக்கும் இருமலுக்கும் என்ன சம்பந்தம்?"

"கொஞ்சம் சம்பந்தம் இருக்கு சார்."

"இருக்கட்டும்! அத மட்டும் ஏன் கேக்கறா? தெருவெல்லாம் ஊதித் தள்றாளே, அது இவா கண்ணுல படலையா?"

வாசலில் வந்து நின்ற தலைவர் சொன்னார், "இதத்தானேய்யா நான் அன்னிக்கு கார்ல கத்திக்கினு வந்தேன்."

மூவரும் விழாவுக்குப் போனோம். கேள்வி நேரத்தில் முதலில் கை தூக்கியவர் புள்ளியியல் நிபுணர். மைக்கை எடுத்துக்கொண்டு ஓடிவந்தது அதே பையன். மைக் கைக்கு வந்ததும், "உங்க கேள்விகள்ல சிகரெட் எங்கே?" என்று அவர் சபையே அதிரக் கேட்டார். மேடையில் இருந்தவர், மிக நல்ல கேள்வி, அடுத்த கட்டத்தில் பரிசீலிப்போம் என்றார். கைதட்டினார்கள். பையன் மைக்கைத் திரும்ப வாங்கும்போது என் பக்கம் குனிந்து, "மேம், தை மாசம் கல்யாணம். அவசியம் வரணும்" என்று கிசுகிசுத்தார்.

பிறகு சாப்பாடு. நீளமான மேஜையில் வகைவகையாக வைத்திருந்தார்கள். புள்ளியியல் நிபுணர் தட்டில் ஒரு வடையை எடுத்து வைத்துக்கொண்டு அடுத்த பாத்திரத்துக்கு நகர்ந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இதுவும் அவா பணம்தானே?"

"ஆமா சார்."

"எடுத்த வடைய திருப்பி வெக்கப்படாது. எச்சில் பட்ட மாதிரி."

"வெக்கக் கூடாதுதான்."

"குப்பையில போட்டாலும் பாவம்."

தலைவர் பொறுமையில்லாமல் வாசலில் நின்று, வேறு ஓட்டலுக்குப் போகலாம் வாய்யா என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். புள்ளியியல் நிபுணர் சுற்றுமுற்றும் பார்த்தார். வடையை ஒரே வாயில் போட்டுக்கொண்டு, தட்டை வைத்துவிட்டு, மென்றபடியே வேகமாக வெளியே நடந்தார். நல்ல வடையாம். அவர் செய்தது சரியா தவறா என்று மூன்று பேரும் தெருவில் நின்று விவாதித்தோம். ஆளுக்கொரு கருத்துச் சொன்னோம். பசி வந்ததும் அதை அப்படியே விட்டுவிட்டு ஆட்டோ பிடித்தோம்.